செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஓடுபாதையில் ஜிபிஏஎஸ் ஆன்டெனாவை எங்கே நடுவது?

ஜிபிஏஎஸ் என்பது ஜிபிஎஸ் பிழையைத் தரையிலிருந்து திருத்தி, விமானம் துல்லியமாக இறங்க உதவும் ஏற்பாடு. ஒரு விமான நிலையத்தின் ஜிபிஏஎஸ் நிலையத்துக்குப் பொதுவாக நான்கு ரெஃபரன்ஸ் ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றும் நிற்கும் இடம் சென்டிமீட்டர் கணக்கில் முன்பே அளக்கப்பட்டிருக்கும். அந்த இடத்திலிருந்து செயற்கைக்கோளுக்கு இருக்க வேண்டிய தூரம் தெரியும். ரிசீவர் அளந்த தூரமும் கையில் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை. நான்கும் கண்ட பிழையைச் சராசரி எடுத்து, ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் தனித்தனித் திருத்தமாக, வினாடிக்கு 2 முறை, 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள விஎச்எஃப் பட்டையில் விமானத்துக்கு அனுப்புகிறது நிலையம். ஐஎல்எஸ் (ரேடியோ கற்றையால் வழிகாட்டி இறக்கும் பழைய முறை) என்றால் ஓடுபாதையின் ஒவ்வொரு முனைக்கும் ஒரு செட் வேண்டும். கேஎல்ஐஏ (கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம்) போல மூன்று ஓடுபாதை, ஆறு முனை உள்ள இடத்தில் ஒரே ஜிபிஏஎஸ் ஆறுக்கும் போதும்.

அந்த வசதியின் மறுபக்கத்தையும் மனத்தில் வைக்க வேண்டும். ஆன்டெனா தவறான இடத்தில் நின்றால் அந்தத் தவறும் ஆறு முனைக்கும் சேர்ந்தே போகும். கேட் 1 இறக்கத்தில் (விமானி 200 அடி வரை கருவியை நம்பி இறங்கும் தரம்), 200 அடி உயரத்தில் உள்ள விமானத்துக்குச் செங்குத்தாக 10 மீட்டர், பக்கவாட்டில் 40 மீட்டர்தான் எச்சரிக்கை வரம்பு. வரம்பு மீறினால் 6 வினாடிக்குள் விமானிக்குத் தெரிந்தாக வேண்டும். யாருக்கும் தெரியாமல் மீறும் வாய்ப்பு ஒரு கோடி இறக்கத்துக்கு 2-ஐத் தாண்டக் கூடாது. இடத் தேர்வில் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பது அதற்காகத்தான்.

பந்திங், டிங்கில், சாலாக் திங்கி வட்டாரத்தில் ஓடுபாதையின் வேலியைத் தாண்டினால் செம்பனை. இந்த ஊர்ப் பிள்ளைகள் சர்வே வேலையிலும் வயரிங் வேலையிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மரம் எத்தனை வருடத்தில் எவ்வளவு உயரும், குலை லோரி எந்த வழியில் வரும், எந்த நிலம் அமுங்கும் என்று தோட்டத்தில் வளர்ந்தவருக்குத் தெரிந்தது இந்த வேலையில் பாதி. மீதிப் பாதி கீழே.

முதலில் வரைபடத்தில்

நிலத்தில் கால் வைக்கும் முன் விமான நிலைய வரைபடத்தில் வேண்டாத இடங்களை அடித்துவிடுங்கள். ஓடுபாதையின் இருபுறமும் பாதுகாப்புக்கென வெறுமையாக விட்ட நிலப்பட்டையான ஸ்ட்ரிப்புக்குள் ஆன்டெனா வேண்டாம். தடை வரம்புப் பரப்புகளை (விமானப் பாதைக்காக எந்தப் பொருளும் ஊடுருவக் கூடாது என்று வகுத்த கற்பனைப் பரப்புகள்) துளைக்கும் இடமும் வேண்டாம். விமானம் மோதக்கூடிய எந்த இடத்தில் நட்டாலும் கம்பம் எளிதில் முறிந்து விழும் வகையாக இருக்க வேண்டும். டாக்ஸிவே ஓரத்தில் பெரிய விமானத்தின் வால் வந்து நிற்கும் இடங்களையும் அடியுங்கள். அந்த வால் நகரும் உலோகச் சுவர். பின்னாளில், பார்வை மிகக் குறைந்தபோதும் இறங்க வழிசெய்யும் கேட் 3 தரத்துக்கு உயர்த்தும் எண்ணம் இருந்தால், நிலையத்தின் ரெஃபரன்ஸ் புள்ளி (எல்லா அளவுக்கும் ஆதாரமான இடம்) ஓடுபாதைத் தொடக்கத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அமைய வேண்டும்.

மிஞ்சிய நிலத்தில் நான்கு புள்ளி தேடுங்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் குறைந்தது 100 மீட்டர் இடைவெளி. நான்கைச் சராசரி எடுத்தால் பிழை பாதியாகும் என்ற கணக்கு, ஒவ்வொன்றின் பிழையும் மற்றதோடு சம்பந்தமில்லாமல் இருந்தால்தான் செல்லும். பக்கம் பக்கமாக நின்று ஒரே ஹேங்கரின் எதிரொளிப்பை நான்கும் வாங்கினால் சராசரி எதையும் குறைக்காது. ஒரே நேர்க்கோட்டிலோ ஒழுங்கான சதுரத்திலோ வைக்காமல் கலைத்து வையுங்கள். குறிப்பாக, பொதுச் சாலைக்கு இணையாக வரிசை கட்டவே கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

மரத்தை இன்றைய உயரத்தில் அளக்காதீர்கள்

தோட்டத்தை ஒட்டிய இடத்தில் அதிகம் நடக்கும் தவறு இது. கணக்கு எளிது. செயற்கைக்கோளை 5 பாகை உயரக்கோணம் வரை தடையில்லாமல் பார்க்க வேண்டுமானால், ஆன்டெனாவைவிட உயரமாக இருக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 11.4 மீட்டர் தூரம் விட வேண்டும். 3 பாகை வரை என்றால் மீட்டருக்கு 19 மீட்டர்.

ஆன்டெனா தரையிலிருந்து 3 மீட்டரில் இருக்கிறது, மறுநடவு செய்த இளஞ்செம்பனை மட்டையோடு சேர்த்து 4 மீட்டர் நிற்கிறது என்று வையுங்கள். 1 மீட்டர்தான் அதிகம். 12 மீட்டர் தள்ளி நட்டால் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் செம்பனை 25 வருடம் நிற்கும். வெட்டும் காலத்தில் தண்டு 12 மீட்டரைத் தொடும். மேலே மட்டை விரியும் உயரத்தையும் சேர்த்து 16 மீட்டர் என்று எடுங்கள். இப்போது வித்தியாசம் 13 மீட்டர். 5 பாகைக்கு 148 மீட்டர் வேண்டும், 3 பாகைக்கு 247 மீட்டர். இன்று சரியாக இருக்கும் இடம் ஓரிரு வருடத்திலேயே கெட ஆரம்பிக்கும், அதுவும் மெதுவாக. எந்த நாளில் கெட்டது என்று யாராலும் காட்ட முடியாது.

ஆகவே தோட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எல்லை ஓரத்து பிளாக் எந்த வருடம் நட்டது, எந்த வருடம் மறுநடவு என்பது. அடுத்தது நில மட்டம். மேட்டில் படிக்கட்டாக வெட்டி நட்ட தோட்டமென்றால் மரத்தின் உயரத்தோடு மேட்டின் உயரமும் சேரும். கண்ணால் மதிப்பிட வேண்டாம். லெவல் வைத்து அளந்து எழுதுங்கள். ஒன்பது மீட்டர் முக்கோண நடவில் மரங்களுக்கு இடையே வானம் தெரிவதுபோல் இருக்கும், அதை நம்பக் கூடாது. தாழ்ந்த கோணத்தில் பார்த்தால் பின்வரிசைகள் சேர்ந்து முழுச் சுவராகிவிடும்.

வடக்கும் தெற்கும் தரும் சலுகை

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி உண்டு. மிதவெப்ப நாடுகளுக்கு எழுதிய வழிகாட்டிகளில் இது கிடைக்காது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை 55 பாகை சாய்ந்தது. 3 பாகை வட அகலாங்கில் நின்று நேர் வடக்கே பார்த்தால் சுமார் 25 பாகைக்குக் கீழே எந்த ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் வராது. நேர் தெற்கே சுமார் 19 பாகைக்குக் கீழே வராது. அடிவானத்தை ஒட்டி வடக்கின் இருபுறமும் ஏறக்குறைய 30 பாகை வரை இந்த வெற்றிடம் விரியும். தெற்கிலும் வெற்றிடம் உண்டு, சற்றுச் சிறியது.

தவிர்க்க முடியாத தடையை அங்கே தள்ளுங்கள். இடிதாங்கிக் கம்பம், கருவி அறை, ஏற்கெனவே நிற்கும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஆன்டெனாவுக்கு நேர் வடக்கிலோ தெற்கிலோ வரும்படி ஆன்டெனாவின் இடத்தை நகர்த்தினால் நிழலால் இழப்பு இல்லை. கிழக்கும் மேற்கும் முழுதாகத் திறந்திருக்க வேண்டும்; செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் அங்கேதான் உதித்து மறையும். ஒரு எச்சரிக்கை: இந்தச் சலுகை நிழலுக்கு மட்டும். வடக்கே நிற்கும் உலோகச் சுவர் தென்கிழக்கிலிருந்து வரும் அலையை எதிரொளிக்கத்தான் செய்யும். ஜிபிஎஸ் அல்லாத வேறு தொகுதிகளையும் நிலையம் பயன்படுத்தினால் வெற்றிடத்தின் அளவும் மாறும்.

எதிரொளிப்பு

தரையில், கூரையில், வேலியில் பட்டுத் திரும்பி வரும் அலையும் நேராக வரும் அலையோடு கலந்துவிடும். தொழிலில் இதை மல்டிபாத் என்பார்கள். இது ரிசீவர் அளக்கும் தூரத்தை நீட்டும் அல்லது குறுக்கும். ஜிபிஎஸ் குறியீட்டின் ஒரு சில்லு, அதாவது ஒரு துடிப்பு, 293 மீட்டர் நீளம். எதிரொளித்த அலை அதைவிடச் சற்று அதிகம் பிந்தி வந்தால் நல்ல ரிசீவர் அதைக் கண்டுகொள்ளாது. ஆன்டெனாவுக்குப் பின்னால் உள்ள பொருளில் பட்டு வரும் அலை, பொருளின் தூரத்தைப் போல் இரண்டு மடங்கு வரை கூடுதலாகப் பயணிக்கும். ஆகவே கவலைப்பட வேண்டிய வட்டம் ஒவ்வொரு ஆன்டெனாவையும் சுற்றி 150 மீட்டருக்குச் சற்று மேல். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் பட்டியலிடுங்கள்.

பட்டியலில் விடுபடுபவை: கம்பி வலை வேலி, தகரக் கூரை போட்ட பம்ப் கொட்டகை, புல்வெட்டும் டிராக்டர் நிறுத்துமிடம், தண்ணீர் நிற்கும் வடிகால். ஜிபிஎஸ் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். 5 சென்டிமீட்டர் கண்ணுள்ள வலை நம் கண்ணுக்கு ஓட்டை, அந்த அலைக்குச் சுவர். வடிகால் மழைக்காலத்தில் கண்ணாடிபோல் எதிரொளிக்கும், வறட்சியில் எதிரொளிக்காது. வறட்சியில் மட்டும் சோதித்துவிட்டு ஒப்புதல் தருவது ஆபத்து.

ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதற்கும் இங்கேதான் பதில். தரையில் பட்டு வரும் அலை நேரலையோடு கூடியும் கழிந்தும் ஏறி இறங்கும். 3 மீட்டர் உயரத்தில் ஓர் ஏற்ற இறக்கம் முடிய, வேகமாக ஏறும் செயற்கைக்கோளுக்கே மூன்று நான்கு நிமிடம் ஆகும். ரிசீவர் 100 வினாடிக்குத்தான் சமன் செய்யும்; அவ்வளவு மெதுவான அலைவு அதில் வடிந்து போகாது. 10 மீட்டருக்கு உயர்த்தினால் அலைவு ஒரு நிமிடத்துக்குச் சுருங்கி, சமன் செய்வதில் பெரும்பகுதி மறையும். ஆனால் 10 மீட்டர்க் கம்பம் காற்றில் ஆடும், ஓடுபாதைக்கு அருகே தடையாகவும் ஆகும். இதனால்தான் ஜிபிஏஎஸ்-க்கென்றே கீழ்ப்பக்க அலையை அடக்கும் நெட்டையான சிறப்பு ஆன்டெனா செய்கிறார்கள். சர்வே வேலைக்கு வாங்கிய சாதாரண ஆன்டெனாவை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

சாலையில் போகும் ஜாமர்

2009-ல் அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்தில் ஜிபிஏஎஸ் நிறுவியபோது, பக்கத்து நெடுஞ்சாலையில் போன வாகனங்களால் சிக்னல் அடிக்கடி தடைபட்டது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும், ஜிபிஎஸ் சிக்னலை அடக்கும் சிறு ஜாமர்கள்தான் காரணம். முதலாளி வண்டியைக் கண்காணிப்பதைத் தவிர்க்க ஓட்டுநர்கள் வாங்கி வைத்திருந்தார்கள். 2013-ல் அப்படி ஒருவருக்கு ஏறக்குறைய 32,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஜிபிஎஸ் அலை தரைக்கு வரும்போது ஒரு வாட்டில் நூறு கோடி கோடியில் ஒரு பங்கை ஒட்டிய சக்திதான். எந்தச் சிறு கருவியும் அதை மூழ்கடிக்கும்.

நம் பக்கத்தில் லோரிகளில் ஜிபிஎஸ் கண்காணிப்பு சாதாரணமாகிவிட்டதால் அதே ஆபத்து இங்கும் உண்டு. பொதுச் சாலை, ஆலைக்குப் போகும் லோரிப் பாதை இரண்டிலிருந்தும் ஆன்டெனாக்களைத் தள்ளி, ஒவ்வொன்றுக்கும் சாலைக்கும் உள்ள தூரம் வெவ்வேறாக இருக்கும்படி வையுங்கள். கடக்கும் ஒரு வண்டி ஒரே நேரத்தில் நான்கையும் குருடாக்க முடியாதபடி இருப்பதே நோக்கம். இடையில் மேடோ கட்டடமோ மறைத்தால் நல்லது, ஆனால் அதே கட்டடம் 150 மீட்டர் வட்டத்துக்குள் வந்துவிடக் கூடாது.

பத்து நாள் பதிவு

புள்ளிகளைத் தேர்ந்ததும் தற்காலிகக் கம்பத்தில், நிரந்தரமாக வைக்கப்போகும் அதே வகை ஆன்டெனாவையும் ரிசீவரையும் அதே உயரத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஒரு நாள் போதாது. பத்து நாளாவது வேண்டும். நடுவில் இரண்டு மூன்று நல்ல மழையும் வந்தால் நிம்மதி. ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் சிக்னல் பலம், குறியீட்டு அளவுக்கும் கேரியர் அளவுக்கும் உள்ள வித்தியாசம், திசைக்கோணம், உயரக்கோணம், கடிகார நேரம் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள்.

பத்து நாள் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வானில் அதே தடத்தில் தினமும் சுமார் 4 நிமிடம் முந்தி வரும். முதல் நாள் காலை 10.40-க்கு வந்த கோளாறு பதினோராம் நாள் 10.00-க்கு வந்தால், அது அசையாத பொருளின் நிழல் அல்லது எதிரொளிப்பு. அந்த நேரத்தில் செயற்கைக்கோள் இருந்த திசையையும் அதன் எதிர்த்திசையையும் பார்த்தால் குற்றவாளி கண்ணில் படும். நேரம் முந்தாமல் தினமும் அதே மணிக்கு வந்து, ஓய்வு நாளில் வராமல் போனால் அது மனிதர் வேலை: ஷிப்ட் மாறும் வண்டி, லோரி, ஏதோ ஒரு மின்கருவி.

வடிவத்தையும் பாருங்கள். ஒரே செயற்கைக்கோள் மட்டும் ஒரு திசையில் மங்கினால் மரம் அல்லது கட்டடம். ஒரே செயற்கைக்கோளின் பலம் நிமிடக் கணக்கில் மெல்ல ஏறி இறங்கினால் மல்டிபாத். ஓர் ஆன்டெனாவில் எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே கணத்தில் விழுந்து சில வினாடியில் மீண்டால் ஜாமர். சாலைக்கு அருகில் உள்ளது முதலில் விழும். நான்கு ஆன்டெனாவிலும் வானின் ஒரு பகுதியில் உள்ள செயற்கைக்கோள்கள் மட்டும் வேகமாகத் துடித்தால் அது அயனமண்டலம், அதாவது அலையைத் தாமதப்படுத்தும் மின்னேற்றக் காற்றடுக்கு. மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில் இரவு 8 மணிக்கு மேல் நள்ளிரவு வரை நம் அட்சரேகையில் இது வழக்கம். இந்தக் கடைசியை ஆன்டெனாவை நகர்த்திச் சரிசெய்ய முடியாது. 2003 நவம்பர் புயலில் அமெரிக்காவில் கண்ட சரிவு, அதாவது அயனமண்டலத் தாமதம் இடத்துக்கு இடம் மாறும் அளவு, கிலோமீட்டருக்கு 412 மில்லிமீட்டர். வெப்பமண்டலத்தில் அதைவிடச் செங்குத்தானவை பதிவாகியுள்ளன. நிலையத்தின் பாதுகாப்பு எண்களை இந்த வட்டாரத்து அளவுகளின்படி அமைக்க வேண்டும். மிதவெப்ப நாட்டின் எண்களை அப்படியே நகல் எடுத்துப் போடுவது கூடாது.

நிரந்தரமாக ஓடத் தொடங்கியபின் நிலையமே பி மதிப்பு என்று ஒன்றைக் கணக்கிடும். நான்கின் சராசரிக்கும், ஒன்றை விட்டுவிட்டு எடுத்த மூன்றின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம் அது. ஒரே ஆன்டெனாவின் பி மதிப்பு வாரக் கணக்கில் மெல்ல வளர்ந்தால் மரத்தையும் அடித்தளத்தையும் போய்ப் பாருங்கள்.

அடித்தளமும் அளவீடும்

ஒவ்வோர் ஆன்டெனாவின் ஃபேஸ் சென்டரும், அதாவது அலை உண்மையில் பிடிபடும் புள்ளியும், நிலையத்தின் ரெஃபரன்ஸ் புள்ளியைச் சார்ந்து 8 சென்டிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது என்பது ஐசிஏஓ (அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பு) விதி. ரெஃபரன்ஸ் புள்ளி, ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலக ஆயமுறையான டபிள்யூஜிஎஸ்-84 கணக்கில் கிடையாக 1 மீட்டர், செங்குத்தாக 25 சென்டிமீட்டருக்குள் சரியாக இருக்க வேண்டும்.

குவாலா லங்காட் பக்கம் இதற்கு எதிரி மண்தான். தண்ணீர் வடிந்தால் அமுங்கும் கறுப்புக் கரிமண் நிலத்தில் தரை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் இறங்கும். மேலோட்டமான கான்கிரீட் பாதம் போட்டால் இரண்டு மூன்று வருடத்தில் 8 சென்டிமீட்டர் தீர்ந்துவிடும். அதிலும் நான்கும் சமமாக இறங்காது. கெட்டித் தளம் வரை பைல் இறக்குங்கள், இல்லையேல் வேறு நிலம் தேடுங்கள்.

நான்கையும் ஒரே நேரத்தில், 24 மணி நேரம் நிலையாகப் பதிவு செய்து, சேர்த்தே கணக்கிடுங்கள். பிறகு டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) வைத்து இடைத்தூரங்களைத் தனியாகச் சரிபாருங்கள். மலேசிய நில அளவைத் துறையான ஜூபெம் தரும் ஜிடிஎம்2000 (நாட்டின் ஆயமுறை) ஆயங்களைப் பயன்படுத்தினால் எந்தப் பதிப்பு என்று எழுதி வைக்க வேண்டும். 2004 சுமத்ரா நிலநடுக்கத்தில் லங்காவி ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் நகர்ந்தது. 2009-ல் ஆயங்கள் திருத்தப்பட்டன. பழையதில் இரண்டு, புதியதில் இரண்டு என்று கலந்தால் கதை முடிந்தது. கடல்மட்ட உயரத்தையும் எலிப்சாய்டு உயரத்தையும் (ஜிபிஎஸ் தரும், பூமியின் கணித வடிவிலிருந்து அளந்த உயரம்) குழப்பினால் பிழை மீட்டர் கணக்கில் வரும், விமானம் இறங்கும் பாதையே அவ்வளவு ஏறும் அல்லது இறங்கும். ஆன்டெனாவின் வடக்குக் குறியை நான்கிலும் ஒரே திசையில் திருப்பி இறுக்குங்கள்.

கேபிள், இடி, எலி

ரிசீவரை ஆன்டெனாவின் அடியிலேயே பெட்டியில் வைத்து, அங்கிருந்து கருவி அறைக்கு ஃபைபர் இழுப்பது இந்த ஊருக்கு நல்லது. நூற்றுக்கணக்கான மீட்டர் செப்புக் கேபிள் இழுத்தால் சிக்னலும் தேயும், ஆண்டில் 180 நாளுக்கு மேல் இடி முழங்கும் நாட்டில் மின்னலுக்கும் வழி திறந்துவிடும். குறுகிய கோஆக்சியல் துண்டுக்கும் இரு முனையிலும் சர்ஜ் அரெஸ்டர் (மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் கருவி), ஒரே பூமி இணைப்பு. கேபிள் நீளம் நான்கிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதனால் வரும் தாமதம் எல்லாச் செயற்கைக்கோளுக்கும் பொது. ரிசீவர் கடிகாரத் திருத்தத்தில் கழிந்துவிடும்.

செம்பனைத் தோட்டத்து எலி கேபிள் உறையைக் கடிக்கும். இரும்புக் கவசம் உள்ள கேபிளை எஃகுக் குழாய்க்குள் விட்டு, குழாய் வாயை அடையுங்கள். எலிக்காகத் தோட்டங்களில் வைக்கும் ஆந்தைப் பெட்டிக் கம்பம் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வராதபடி சொல்லி வையுங்கள். கனெக்டரில் தண்ணீர் இறங்குவது இங்கே அடிக்கடி வரும் பழுது. தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டு உள்ளே எடுங்கள்.

அனுப்பும் விஎச்எஃப் ஆன்டெனாவுக்குத் தனி இடம். இறங்கு பாதையின் இருபுறமும் 35 பாகைக்கு 28 கிலோமீட்டர், 10 பாகைக்கு 37 கிலோமீட்டர் வரை அது எட்ட வேண்டும். அலைவரிசை கேட்கும்போது 112.53 மெகாஹெர்ட்ஸை ஒட்டியதை ஏற்காதீர்கள். அதன் 14-ஆம் மடங்கு நேராக ஜிபிஎஸ்-ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸில் விழும்.

ஒப்படைக்கும் நாளில்

நான்கு ஆன்டெனாவின் உச்சியிலிருந்தும் முழுச் சுற்றுப் படம் எடுத்து, திசைக்கோணமும் தடைகளின் உயரக்கோணமும் குறித்து, பத்து நாள் பதிவோடு கோப்பில் வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் திரும்ப எடுத்து ஒப்பிடுங்கள். தோட்ட நிர்வாகத்தோடு எழுத்தில் ஓர் ஏற்பாடு வேண்டும்: எல்லை ஓர பிளாக்கில் மரம் இத்தனை மீட்டர் தாண்டும் முன் மறுநடவு, 150 மீட்டர் வட்டத்துக்குள் புதுக் கொட்டகையோ வேலியோ போடும் முன் தகவல், லோரிப் பாதையை மாற்றும் முன் தகவல். நிர்வாகி மாறினால் புதியவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். சிக்னல் தடை தொடர்ந்தால் பதிவின் நேரப் பட்டியலோடு எம்சிஎம்சி-யிடம் (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) போக வேண்டும். ஜாமரைத் தேடிப் பிடிக்கும் அதிகாரமும் கருவியும் அவர்களிடம் உண்டு, பட்டியல் இருந்தால் எந்தச் சாலையில் எத்தனை மணிக்கு நிற்பது என்று அவர்களுக்குத் தெரியும்.